கியூபெக் பீவீ டோர்னமெண்ட்ல சின்னப் பசங்க ஆடுறதைப் பார்க்க ஏன் இவ்ளோ கூட்டம்?

பீவீன்னா பதினொண்ணு பன்னெண்டு வயசுப் பசங்க ஆடுற ஐஸ் ஹாக்கி, அதுக்கு இவ்ளோ கூட்டம் ஏன் வருதுன்னு கேட்டிருக்கீங்க. மான்ட்ரியல்லேர்ந்து நேர்ல போய்ப் பார்த்தவன்ங்கிறதால எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

இந்த டோர்னமெண்ட் 1960ல ஆரம்பிச்சு வருஷா வருஷம் பிப்ரவரியில கனடாவுல கியூபெக் சிட்டியில நடக்குது. எல்லாரும் முதல்ல சொல்றது பின்னாடி ஹாக்கியிலயே பெரிய ஸ்டார் ஆன வேய்ன் கிரெட்ஸ்கி கதைதான், 1974ல தன் ஊர் பிரான்ட்ஃபோர்டு டீமுக்காக ஆடி ஒரே மேட்ச்ல 7 கோல் போட்டார், டீம் 25-0ன்னு ஜெயிச்சது. இன்னொரு பெரிய ஹாக்கி ஸ்டார் கி லஃப்லர் அவருக்கும் முன்னாடியே அங்க ஆடினவர். ஆனா எனக்கு அதைவிட மனோன் ரெயோம் பெருசா தெரியுது, 1984ல அந்த டோர்னமெண்ட்லயே முதல் பொண்ணா கோலியா, அதாவது கோல்கீப்பரா நின்னவங்க, 1992ல வட அமெரிக்காவோட பெரிய புரொஃபஷனல் ஹாக்கி லீகான என்ஹெச்எல்ல ஒரு டீமுக்கே ஒரு எக்சிபிஷன் மேட்ச்ல கோல் காத்தாங்க.

இப்போ பெரிய மேட்ச் எல்லாம் வீடியோட்ரான் சென்டர்ங்கிற ஸ்டேடியத்துல, 18,000 பேருக்கு மேல உக்காரலாம். ஊர்ல ஒரு சின்ன ரிங்க்ல, அதாவது ஐஸ் மைதானத்துல, அப்பா அம்மா மட்டும் பார்க்க ஆடின பையன் அந்த லைட்டுக்குக் கீழ வந்து நிக்கிறான், பெரியவங்க ஆடுற அதே சைஸ் கோல் போஸ்ட், அதுக்கு முன்னாடி கோலி நின்னா தலைக்கு மேல அவ்ளோ இடம் காலியா கிடக்கு. முதல் ரெண்டு நிமிஷம் பாதிப் பசங்க பக்கை, அதாவது அவங்க அடிக்கிற அந்த ரப்பர் வட்டைப் பார்க்கவே மாட்டாங்க, மேல கேலரியைத்தான் அண்ணாந்து பார்ப்பாங்க.

ஆனா கூட்டத்துக்கு நிஜமான காரணம் வீடுங்கதான்னு நான் நினைக்கிறேன். வெளியூர் வெளிநாட்டுப் பசங்க நிறைய பேரை அந்த ஊர்க் குடும்பங்க தங்க வீட்டுலயே வச்சுக்குறாங்க, பையனுக்கு பிரெஞ்சு வராது, அவங்களுக்கு அவன் பாஷை வராது, இருந்தாலும் காலையில எழுப்பி சாப்பாடு போட்டு ரிங்க்ல கொண்டு விட்டு, மேட்ச் நேரத்துல அவன் பேரைச் சொல்லிக் கத்துறாங்க. அப்புறம் அது அவங்க வீட்டுப் புள்ள ஆடுற மேட்ச்தானே, வராம இருப்பாங்களா?

2023ல உக்ரைன் பசங்க வந்தப்போ இதை ஊரே பார்த்துச்சு. போர்னால ஐரோப்பாவுல மூலைக்கொண்ணா சிதறிக் கிடந்த பசங்களை ஒண்ணா சேர்த்துக் கூட்டிட்டு வந்தாங்க, அவங்களும் வீடுங்கள்லதான் தங்கினாங்க. முதல் மேட்ச்லயே பாஸ்டன் டீமை 3-1ன்னு ஜெயிச்சாங்க, மொத்த ஸ்டேடியமும் எழுந்து நின்னு கை தட்டுச்சு.

இன்னொண்ணு, பின் (துணியில குத்திக்கிற சின்ன பேட்ஜ்) மாத்திக்கிறது. ஒவ்வொரு டீமுக்கும் சொந்தமா ஒரு பின் இருக்கும், பசங்க அதைத் துணியில வரிசையா குத்தி வச்சுக்கிட்டு ஸ்டேடியம் நடைபாதையில நின்னு பேரம் பேசுவாங்க, பாஷையே வேணாம், விரலைக் காட்டுவான், இவன் தலையாட்டுவான், முடிஞ்சுது. தூரத்து நாட்டு பின்னுக்குத்தான் கிராக்கி, ஒண்ணுக்கு ரெண்டு மூணு கேப்பாங்க.

போறதா இருந்தா ஃபைனலுக்கு மட்டும் போகாதீங்க, முதல் வாரத்துலயே ஒரு நாள் காலையில போங்க, நிறைய நாட்டு டீம் அப்போ ஊர்ல இருக்கும்.