25 குழிக் கல்

வணக்கம் அண்ணை,

போன கிழமை பாலைப்பழம் பிடுங்கக் காட்டுக்குள் போனோம். எங்கள் குளத்துக்கு மேற்கே பழைய கற்றூண்கள் நிற்கிற இடம். சின்னதில் அப்பாவோடு மாடு தேடிப் போனது, பிறகு இப்போதுதான். இரண்டு வரிசைத் தூண்கள், பாதி மண்ணுக்குள். பக்கத்தில் செங்கல் மேடு, உச்சியில் ஆள் இறங்கக்கூடிய குழி. அங்கே கிடந்த சதுரக் கல்லொன்றை எங்கள் ஆட்கள் எப்போதோ வண்டியில் ஏற்றிவந்து குளக்கட்டு ஐயனாரடியில் வைத்திருக்கிறார்கள். வரிசைக்கு ஐந்தாக 25 குழிகள். அம்மம்மா இருந்தவரை வெள்ளிக்கிழமைகளில் அந்தக் குழிகளில் எண்ணெய் விட்டுத் திரி போடுவா.

மகள் “இது ஆருடைய கோயில்?” என்று கேட்டாள். “ராசா ஒருவர் கட்டின மாளிகை” என்று சமாளித்துவிட்டேன். எடுத்த படங்களை ஒருவருக்கும் காட்டவில்லை. ஏனென்று உங்களுக்கு விளங்கும். உண்மையில் அது என்ன?

ம., முல்லைத்தீவு மாவட்டம்

அன்புள்ள தம்பி,

மாளிகை இல்லை. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அது ஒரு பௌத்த மடம். செங்கல் மேடுதான் தூபி. உச்சிக் குழி புதையல்காரர் வேலை. தாதுவும் (புத்தரின் எலும்பு போன்ற புனித எச்சம்) மணிகளும் வைத்த அறை தூபியின் நடுவில் இருக்கும் என்று தெரிந்துதான் நேரே மேலிருந்து இறங்குவார்கள். தூண்களுக்கு மேலே மரக்கூரையும் ஓடும் இருந்திருக்கும். மரம் இற்றுப்போய்க் கல் மட்டும் மிச்சம். தூணடியைக் கிளறினால் ஓட்டுத்துண்டு அகப்படலாம் (கிளறவேண்டாம், சும்மா சொன்னேன்).

அந்த 25 குழிக் கல் சிலைக்கு அடியில் வைப்பது. குழிகளுக்குள் மணி, பொன் போன்றவற்றை இட்டு, அதன்மேல் சிலையை நிறுத்துவார்கள். சிங்களத்தில் யந்திரகல என்பார்கள். 9 குழிக் கல்லும் உண்டு. நம் கோயில்களிலும் மூர்த்திக்கு அடியில் யந்திரத் தகடு வைக்கிறோம் அல்லவா, அதனால் கல் மட்டும் கிடைத்திருந்தால் கொஞ்சம் யோசிப்பேன். பக்கத்தில் தூபி இருக்கும்போது யோசிக்க ஒன்றுமில்லை.

சரி, படத்தை ஒளித்த கதைக்கு வருகிறேன். உங்கள் மாவட்டத்திலேயே பௌத்த இடிபாடுகள் இருக்கிற குருந்தூர் மலையை நினைத்துத்தான் பயப்படுகிறீர்கள். அது 1933 இலேயே தொல்லியல் இடமாக வர்த்தமானியில் (அரசிதழில்) ஏறிய இடம். 2021 இல் அங்கே அகழ்வு தொடங்கியதும் அதன் பிறகு வந்த வழக்குகளும் எல்லோருக்கும் தெரியும். வயலுக்குள் தொல்லியல் திணைக்களத்தின் எல்லைக்கல் விழுமோ என்று நித்திரையில்லாமல் கிடப்பவனிடம் போய்த் தூபியின் அழகைப் பற்றிப் பேச எனக்கு மனமில்லை. உங்கள் கடிதத்தில் இருந்த குளத்தின் பெயரை நான்தான் எடுத்துவிட்டேன்.

ஆனால் மகளுக்குச் சொன்ன மாளிகைக் கதை வேறு விஷயம். நாளைக்கு வேறொருவர் வந்து, “இது பௌத்த விகாரை, ஆகவே நீ இங்கே வந்தேறி” என்று சொன்னால், அவளுக்கு முதல் பாதி உண்மை என்று தெரியும், இரண்டாவது பாதிக்குப் பதில் தெரியாது. விகாரை என்பதிலிருந்து ‘ஆகவே’க்குப் பாலமே கிடையாது. திருகோணமலைக்குப் பக்கத்தில் வெல்கம் விகாரைக்கு 11 ஆம் நூற்றாண்டில் இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர். பள்ளி என்றால் அப்போது பௌத்த, சமண மடம். அங்கே விளக்கெரிக்கக் கால்நடை கொடுத்தவர்கள் அதைத் தமிழில்தான் கல்லில் வெட்டிவைத்தார்கள். வன்னியின் தெற்கு ஓரத்தில், பதவியாவில், வேளைக்காரர் என்ற தமிழ்ப் படையினரின் பெயரிலேயே ஒரு விகாரை இருந்தது. பொலன்னறுவையில் அதே வேளைக்காரப் படையினர் புத்தரின் பல்லை வைத்திருந்த தந்ததாதுக் கோயிலைக் காப்போம் என்று தமிழ்க் கல்வெட்டில் உறுதி கொடுத்திருக்கிறார்கள்.

இதை வைத்து உங்கள் காட்டு மடமும் தமிழ்ப் பௌத்தர் கட்டியதுதான் என்று நான் சொல்ல மாட்டேன். இப்போது அதைச் சொல்வது நமக்கு ஒரு கைமருந்து மாதிரி ஆகிவிட்டது. எழுத்து கிடைக்காமல் யார் கட்டியது என்று சொல்ல முடியாது, அவ்வளவுதான். சின்ன வயதில் நெடுங்கேணிப் பக்கம் இப்படியொரு தூணில் நான் கத்தி தீட்டியிருக்கிறேன். அந்தப் பள்ளத்தைப் பார்த்து நாளைக்கு யாரும் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதாமல் இருக்கவேண்டும்.

மறுபடி போனால் பின்னேரம் போங்கள். யானை வரும் நேரத்துக்கு முன் திரும்பிவிடுங்கள். வெயில் சாய்வாக விழும்போதுதான் தேய்ந்த எழுத்து கண்ணில் படும். தூண்களின் நான்கு பக்கத்தையும் பாருங்கள். சுரண்டவோ சுண்ணாம்பு பூசவோ வேண்டாம். முழுச் செங்கல் ஒன்று கிடந்தால் நீளம், அகலம், கனம் அளந்து அனுப்புங்கள். பொதுவாகப் பழைய காலத்துச் செங்கற்கள் பெரிசு.

அப்புறம், அம்மம்மா 25 குழியிலும் திரி போடுவாவா, நடுக்குழியில் மட்டுமா? அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள்.