எண்ணெய் மருந்துக்கு எந்த ஊசி?

கேள்வி: டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் குறைவுக்காக என் கணவருக்கு டாக்டர் டெஸ்டோஸ்டிரோன் ஈனாந்தேட் ஊசிமருந்து எழுதித் தந்திருக்கிறார். வலிக்கக் கூடாதென்று 26 கேஜ் (பருமனைக் குறிக்கும் எண்) ஊசி வாங்கினோம். எவ்வளவு அழுத்தினாலும் மருந்து இறங்கவில்லை. ஊசியை மாற்றலாமா?

பதில்: மாற்றத்தான் வேண்டும். கேஜ் எண் ஏற ஏற ஊசி மெலியும். இது எண்ணெயில் கரைத்த மருந்து; துளையின் விட்டம் பாதியானால், அதே வேகத்தில் செலுத்த 16 மடங்கு அழுத்தம் வேண்டும். முரட்டுத்தனமாக அழுத்தினால் ஊசி கழன்று மருந்து சிதறும். திருகி மாட்டும் லூயர் லாக் சிரிஞ்ச் என்றால் அந்தத் தொல்லை இல்லை.

மருந்தை உறிஞ்ச 18 கேஜ் (ஊசியின் பிளாஸ்டிக் அடிப்பகுதி இளஞ்சிவப்பு). போடுவதற்குப் புது ஊசி: 22 (கறுப்பு) அல்லது 23 (நீலம்). நீளம் 1 முதல் 1½ அங்குலம். உடல்வாகைப் பார்த்து நர்ஸ் சொல்லட்டும். குட்டை ஊசி தசையை எட்டாது, மருந்து கொழுப்பில் தங்கிக் கட்டி விழும். வலிக்குப் பெரும்பாலும் காரணம் பருமனல்ல, அவசரம். மருந்துக் குப்பியை உள்ளங்கையில் சில நிமிடம் வைத்துச் சூடேற்றுங்கள், எண்ணெய் இளகும். 1 மில்லிக்குக் குறைந்தது 10 விநாடி எடுத்துக்கொள்ளுங்கள்.

போட்டவுடன் விடாத இருமலோ மூச்சுத்திணறலோ வந்தால் எண்ணெய் ரத்தத்தில் கலந்திருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.