எஸ்.பி.பி.யும் இன்ஜினீயரிங் படித்தவர்தானே?

சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து வந்த ஒரு அப்பா இப்படித்தான் கேட்டார். மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். பாட்டுத்தான் படிப்பேன் என்கிறாள். சித்தப்பாவோ ஒரு பொறியியல் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் இடம் பேசி வைத்துவிட்டார். தறி வருமானத்தில் ஓடும் குடும்பம். "படித்துக்கொண்டே பாடட்டுமே சார், எஸ்.பி.பி. செய்யவில்லையா?"

உங்கள் பயம் நியாயமானது, அய்யா. கணக்குத்தான் தவறு. அனந்தப்பூரில் எஸ்.பி.பி.யின் பொறியியல் படிப்பு டைபாய்டு காய்ச்சலால் பாதியில் நின்றது. பிறகு சென்னை வந்து, பொறியியல் பட்டத்துக்கு இணையான ஏ.எம்.ஐ.இ. படிப்பில் சேர்ந்தார். அவருக்கு வாழ்க்கை கொடுத்தது அந்தப் படிப்பு இல்லை, பாட்டுப் போட்டி மேடைகள். அங்கேதான் இசையமைப்பாளர் எஸ்.பி. கோதண்டபாணியின் கண்ணில் பட்டார்; 1966இல் முதல் தெலுங்குப் படப் பாட்டு. 'அடிமைப்பெண்' வந்து தமிழ்நாடு முழுக்கப் பெயர் தெரிய 1969 ஆகிவிட்டது. அவர் முறையாகச் சங்கீதம் கற்கவில்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் அவர் அப்பா சாம்பமூர்த்தி, பாட்டோடு கதை சொல்லும் ஹரிகதைக் கலைஞர். பிறந்ததிலிருந்து காதில் விழுந்தது இசை. உங்கள் மகளுக்கு அதை வெளியில்தான் தேடித் தர வேண்டும்.

அதற்கு நம் சேலத்திலேயே மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. கலை பண்பாட்டுத் துறை நடத்துவது. எத்தனை பெற்றோருக்கு இது தெரியும்? குரலிசை, வயலின், மிருதங்கம், நாதசுரம், தவில், பரதநாட்டியம், தேவாரம் என்று பிரிவுகள். மூன்று வருடச் சான்றிதழ் படிப்பு, 12 முதல் 25 வயது வரை சேரலாம். வருடக் கட்டணம் சில நூறு ரூபாய்தான். மாதாமாதம் உதவித்தொகையும் இலவசப் பேருந்துச் சலுகையும் உண்டு. பகல் முழுக்க வகுப்பு என்பதால் ஒரு பி.ஏ.வைத் தொலைநிலைக் கல்வியில் படிக்கட்டும். குரலிசை முடித்தால் கோவை அரசு இசைக் கல்லூரி வரை மேலே போகலாம். வானொலியின் குரல் தேர்வில் பாடி, கலைஞர்களுக்குத் தரும் கிரேடு வாங்கலாம். தேவாரப் பிரிவை மட்டும் யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. அறநிலையத் துறைக் கோயில்களில் தேவாரம் பாடும் ஓதுவார் பணிக்கு அந்தச் சான்றிதழ் செல்லும். பெண்களும் இப்போது அந்தப் பணியில் இருக்கிறார்கள். பண்ணோடு தேவாரம் பாடிப் பழகிய தொண்டைக்குச் சினிமாப் பாட்டும் வசப்படும்.

சினிமாவில் பாடிவிடுவாள் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். அப்படிக் கொடுத்துப் பணம் கேட்பவர் வீட்டு வாசலை மிதிக்காதீர்கள். அதே கண்டிப்போடு இதையும் சொல்கிறேன்: கோட்டா சீட்டுக்காகத் தறியை அடகு வைக்கக் கூடாது. மனம் ஒட்டாத படிப்பில் அரியர் ஏறும், கடனும் ஏறும். அந்தக் கடனுக்குச் சித்தப்பா வட்டி கட்ட மாட்டார்.

கல்லூரிக்கு முன்பணம் கட்டும் முன் மகளை இசைப்பள்ளிக்கு அழைத்துப் போங்கள். குரலிசை ஆசிரியர் முன்னால் அவள் பாடட்டும். எந்தப் பிரிவு என்பதை அவளே சொல்லட்டும்.