இயந்திரக் கற்றல் மாடலுக்காகத் தரம், மண் வகை போன்ற வகைப் பத்திகளை எண்ணாக மாற்ற, எல்லாவற்றையும் லேபல் என்கோடரில் போட்டால் போதுமா?

போதாது. எந்தப் பத்தி, அதை வைத்து எதைக் கணிக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து வழி மாறும்.

நான் மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை (எண்ணெய்ப் பனை) ஆலைத் தரவுகளோடு மல்லுக்கட்டுகிறவன். ஆலைக்கு வரும் குலைகளை மூடா, மெங்கால், மாசாக், ரானும், பூசுக் என்று தரம் பிரிப்பார்கள். அதே வரிசையில் தமிழில் காய், செங்காய், பழம், அதிகம் பழுத்தது, அழுகியது. ஒரு குலைக்கு ஒரு வரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சைகிட்-லேர்ன் என்ற பைதான் நூலகத்தின் லேபல் என்கோடர் மலாய் எழுத்து வரிசைப்படி பூசுக் 0, மாசாக் 1, மெங்கால் 2, மூடா 3, ரானும் 4 என்று எண் போட்டுவிடும். பச்சைக் காய்க்கு அடுத்த வீட்டில் அதிகம் பழுத்த குலை! லேபல் என்கோடர், கணிக்க வேண்டிய விடைப் பத்திக்கென்றே செய்த கருவி. உள்ளீட்டுப் பத்திகளுக்கு ஆர்டினல் என்கோடர் இருக்கிறது. வரிசையை நாமே கொடுக்கலாம்.

சரி, வரிசை கொடுத்தால் முடிந்ததா? எண்ணெயில் கொழுப்பு அமிலம் எவ்வளவு ஏறும் என்று கணிக்க, காயிலிருந்து அழுகல் வரை போகும் 0 முதல் 4 ஓரளவு பொருந்தும். ஆனால் எவ்வளவு எண்ணெய் கிடைக்கும் என்று கேட்டால், காயில் குறைவு, பழத்தில்தான் நல்ல மகசூல், அதைத் தாண்டினால் மறுபடி சிக்கல். நேர்கோட்டு மாடலுக்கு இந்த வளைவு பிடிபடாது. அங்கே ஐந்தையும் ஒன்-ஹாட் முறையில், அதாவது குலை அந்தத் தரமென்றால் 1, இல்லையென்றால் 0 என்று, தனித்தனிப் பத்தியாக்குங்கள்.

மண் வகைக்கு யோசிக்கவே வேண்டாம். ரெங்கம், முன்சோங், செர்டாங் இவற்றில் பெரியது சிறியது கிடையாது, ஒன்-ஹாட்தான். லீனியர் ரிக்ரஷன் என்ற நேர்கோட்டு மாடல் என்றால் மட்டும் ஒரு பத்தியை விட்டுவிடுங்கள், மற்றவை எல்லாம் 0 என்றாலே அது தெரிந்துவிடும். தோட்டத்துப் பிளாக் எண்ணைப் பார்த்தும் ஏமாறாதீர்கள். பிளாக் 12 என்பது பிளாக் 6-ஐப் போல இரு மடங்கு இல்லை, அது வெறும் பெயர்.

லோரி எண் போல நூற்றுக்கணக்கில் மதிப்புகள் இருந்தால் ஒன்-ஹாட் தரவை ஊதிப் பெருக்கிவிடும். டார்கெட் என்கோடிங், அதாவது அந்த லோரியின் சராசரி விடையையே எண்ணாக வைப்பது, ஒரு வழி. ஆனால் ஒரே ஒரு தடவை வந்த லோரிக்கு அந்தச் சராசரி அதன் சொந்த விடையேதான். கேள்வித்தாளோடு விடைத்தாளையும் கொடுத்த மாதிரி. தரவைப் பல மடிப்புகளாகப் பிரித்து, ஒரு வரிக்கான சராசரியை அந்த வரி இல்லாத மற்ற மடிப்புகளிலிருந்து எடுக்க வேண்டும். யாண்டெக்ஸ் நிறுவனம் 2017-இல் வெளியிட்ட கேட்பூஸ்ட் என்ற கற்றல் நூலகம், ஒரு வரிக்கு முன்னால் வந்த வரிகளை மட்டும் வைத்துக் கணக்கிட்டு இதைத் தவிர்க்கிறது. என்னைக் கேட்டால் லோரி எண்ணையே தூக்கிவிட்டு, குலை வெட்டியதிலிருந்து ஆலைக்கு வர எத்தனை மணி நேரம் ஆனது என்பதைப் போடுவேன். அதில்தான் விஷயம் இருக்கிறது.

இதற்கெல்லாம் முன்னால் எழுத்தைச் சரிபாருங்கள். கிராணி மாறினால் எழுத்தும் மாறும். ஒரே தோட்டத்தின் பெயர் ‘லாடாங்’ (மலாயில் தோட்டம்) என்றும், அதன் சுருக்கமான ‘எல்டிஜி’ என்றும், ‘எஸ்டேட்’ என்றும் சேர்த்துப் பதிவாகியிருக்கும். என்கோடருக்கு அது மூன்று தோட்டம்.

அப்புறம், பயிற்சித் தரவுக்கும் சோதனைத் தரவுக்கும் தனித்தனியாகப் பாண்டாஸ் நூலகத்தில் ஒன்-ஹாட் செய்யும் கெட் டம்மீஸ் கட்டளையை ஓட்டினால் பத்திகள் பொருந்தாமல் போகலாம். என்கோடரைப் பயிற்சித் தரவில் மட்டும் பழக்கி, அதையே சேமித்து வைத்துப் பயன்படுத்துங்கள். அறியாத வகையைப் புறக்கணிக்கும் அமைப்பையும் போட்டுவிட்டால், அடுத்த மாதம் புதிதாக ஒரு சிறுதோட்டக்காரர் குலை கொண்டுவந்தாலும் நிரல் நின்றுவிடாது. அவருடைய வரியில் சிறுதோட்டக்காரர் பெயருக்கான ஒன்-ஹாட் பத்திகள் எல்லாவற்றிலும் 0 விழும்.