அடையாள அட்டைப் படம் கைமாறிவிட்டது: அம்மாவின் கணக்கை எப்படிக் காப்பது?

கேள்வி: அம்மா புதுக்குடியிருப்பில் தனியாக இருக்கிறா. வங்கியில் இருந்து கதைப்பதாக வாட்ஸ்அப்பில் வந்த அழைப்பை நம்பி, அடையாள அட்டையையும் வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கத்தையும் படம் பிடித்து அனுப்பிவிட்டா. பிறகு ஒரு ஓ.ரி.பி. இலக்கம் வந்திருக்கிறது. அழைத்தவர் அதைக் கேட்டபோது அம்மா பயந்து போனை வைத்துவிட்டா. நெல் விற்ற காசும் தம்பி அனுப்பிய காசும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. இதுவரை காசு போகவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: அந்த இலக்கத்தைச் சொல்லாமல் விட்டதால்தான் காசு தப்பியிருக்கிறது. ஓ.ரி.பி. தானாக வராது. பெரும்பாலும், அம்மாவின் கணக்கைத் தன் போனில் உள்ள வங்கிச் செயலியில் பதிய யாரோ முயன்றிருக்கிறார்கள். கணக்கு இலக்கமும் அடையாள அட்டை இலக்கமும் கையில் இருந்தன, ஓ.ரி.பி. மட்டும்தான் கிடைக்கவில்லை. எனவே இன்றைக்கே வங்கியின் 24 மணிநேர இலக்கத்துக்கு எடுங்கள். ஏ.ரி.எம். அட்டையின் பின்புறம் இருக்கும் இலக்கத்துக்குத்தான் எடுக்க வேண்டும். வந்த அழைப்புக்குத் திருப்பி எடுக்க வேண்டாம். ஏ.ரி.எம். அட்டையையும் இணையவழிச் சேவையையும் நிறுத்தச் சொல்லுங்கள். இந்தக் கணக்குக்கு ஏதாவது செயலி பதிவாகியிருக்கிறதா என்றும் கேளுங்கள். அழைத்தவர் அம்மாவின் போனில் எதையாவது இறக்கச் சொல்லியிருந்தால் அதை அழித்துவிடுங்கள்.

மறுநாள் அம்மாவைக் கிளைக்குக் கூட்டிப்போய், நடந்ததை எழுத்தில் கொடுத்து, பிரதியில் முத்திரை வாங்குங்கள். வங்கியில் பதிவாகியுள்ள தொலைபேசி இலக்கம் எது என்பதையும் அங்கேயே பாருங்கள். வன்னியில் நான் அதிகம் அஞ்சுவது இதற்குத்தான். மீள்குடியேறிய காலத்தில் கணக்குத் திறந்தபோது கொடுத்த சிம் பலரிடம் இப்போது இல்லை. பாவிக்காமல் விட்ட இலக்கத்தைத் தொலைபேசி நிறுவனம் வேறொருவருக்கு விற்றுவிடலாம், அதன்பின் ஓ.ரி.பி. அந்நியர் கைக்குப் போகும். அம்மாவின் கையில் இருக்கும், அம்மாவின் பெயரிலேயே உள்ள சிம்தான் பதிவில் இருக்க வேண்டும். ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் குறுஞ்செய்தி வரவும் ஒழுங்கு செய்யுங்கள்.

சிம்மையும் கவனியுங்கள். அடையாள அட்டைப் படத்தைக் காட்டி மாற்று சிம் எடுக்கும் மோசடி உண்டு. சிக்னல் போவது நம் பக்கம் வழக்கம் என்பதால் யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. பக்கத்து வீட்டில் அதே நிறுவன சிம் வேலைசெய்ய, அம்மாவின் போனில் மட்டும் சிக்னல் இல்லையென்றால் உடனே வேறு போனில் இருந்து தொலைபேசி நிறுவனத்துக்கும் வங்கிக்கும் சொல்லுங்கள்.

அடையாள அட்டை இலக்கத்தை மாற்ற முடியாது. அதில் பிறந்த திகதியும் ஒளிந்திருக்கிறது. பழைய அட்டையில் 65712 என்று தொடங்கினால், 65 பிறந்த ஆண்டு; 712இல் பெண்களுக்குக் கூட்டும் 500ஐக் கழித்தால் 212ஆவது நாள், அதாவது 1965 யூலை 30 (பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்றே எண்ணுவார்கள்). எனவே ஏ.ரி.எம். அட்டையின் இரகசிய இலக்கம் (பின்) 3007, 1965 போல இருந்தால் மாற்றுங்கள். இனி அட்டைப் பிரதி எங்கே கொடுத்தாலும் அதன்மேல் குறுக்காக, யாருக்கு, எதற்கு, என்ன திகதி என்று பேனையால் எழுதிக் கொடுங்கள்.

பொலிஸில் முறைப்பாடு செய்து பிரதியை வைத்திருங்கள். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது. வாட்ஸ்அப் உரையாடலை அழிக்க வேண்டாம், அதுதான் சான்று.

மூன்று மாதம் கழித்து, கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையை, கிறிப் என்று சொல்வார்களே, அதை எடுத்து அம்மாவின் பெயரில் தெரியாத கடனோ பிணையோ இருக்கிறதா என்று பாருங்கள். அட்டைப் படத்தை வைத்தே கடன் கொடுக்கும் இணையக் கடன்காரரும் உண்டு. அவர்களின் கடன் அந்த அறிக்கையில் தெரியாமல் போகலாம். அப்படி யாராவது காசு கேட்டால், தொல்லை தாங்காமல் ஒரு தவணைகூடக் கட்ட வேண்டாம். கட்டினால் கடனை ஒப்புக்கொண்டதாகிவிடும். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியை இணைத்து எழுத்தில் மறுத்துவிடுங்கள். எழுதிக் கொடுத்தும் வங்கி அசையாவிட்டால், மத்திய வங்கியின் நிதி வாடிக்கையாளர் பிரிவை 1935இல் அழையுங்கள். முத்திரை வாங்கிய அந்தப் பிரதி அப்போது தேவைப்படும்.