கேள்வி – பதில்: முன்னோடி வாரிசுகளும் புதிதாகச் சேர்ந்தவர்களும்

(மார்மன்கள் என்று அறியப்படும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை குறித்து வந்த கேள்விகள்.)

கேள்வி: யூட்டாவில் 1847-இல் குடியேறியவர்களின் வாரிசுகளுக்குச் சபையில் தனி அந்தஸ்து உண்டா? புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்கள் அவர்களோடு ஒட்ட முடியாமல் தவிப்பது ஏன்?

பதில்: விதிப்படி எந்த அந்தஸ்தும் கிடையாது. உள்ளூர்ச் சபையை நடத்தும் பிஷப் என்பது சம்பளமில்லாத பொறுப்பு. புதிதாகச் சேர்ந்தவரும் அதற்கு வரலாம். இடைவெளி உறவுமுறையில்தான் இருக்கிறது. பலதார மணத்தைக் கைவிடுவதாக 1890-இல் சபை அறிவிக்கும் வரை, ஒரே தாத்தாவுக்கு இரண்டு மூன்று குடும்பங்கள் இருந்ததுண்டு. அதனால் பழைய குடும்பத்தார் இருவர் சந்தித்துக் குடும்பப் பெயரைச் சொன்னால், கொஞ்ச நேரத்தில் ஒரு பங்காளி முளைத்துவிடுவார். பக்கத்தில் நிற்கும் புதியவருக்கு அந்தப் பேச்சில் நுழைய இடமில்லை. யாரும் வேண்டுமென்று ஒதுக்குவதில்லை. ஆனாலும் அவர் வீட்டுக்குப் போகும்போது தனியாகத்தான் போகிறார்.

“நீங்கள் யார் வீட்டுப் பிள்ளை?” என்பதை விட்டு “சபைக்கு எப்படி வந்தீர்கள்?” என்று கேளுங்கள். இதற்கு எல்லோரிடமும் பதில் உண்டு. புதியவருக்கு ஒரு நண்பர், ஒரு பொறுப்பு, வேத வசனத்தின் ஊட்டம் ஆகிய மூன்றும் தேவை என்று 1997-இல் அப்போதைய தலைவர் கார்டன் ஹிங்க்லி சொன்னார். பொறுப்பை வார்டில் (உள்ளூர்ச் சபையில்) சீக்கிரமே கொடுத்துவிடுகிறார்கள். தவறிப்போவது நண்பர்தான். கூட்டத்தில் பக்கத்தில் உட்கார இன்னார் என்று முதல் வாரத்திலேயே பேசி வையுங்கள்.

கேள்வி: முன்னோடிகள் கைவண்டி இழுத்து வந்ததை நினைவுகூர இளைஞர்கள் போகும் கைவண்டிப் பயணத்துக்கு ‘உங்கள் முன்னோடி ஒருவரின் பெயரோடு வாருங்கள்’ என்றார்கள். என் மகனுக்கு அப்படி யாரும் இல்லையே?

பதில்: அந்த அறிவிப்பே தவறு. பொறுப்பாளரிடம் தயங்காமல் சொல்லுங்கள். பெயர்ப் பட்டியல் ஒன்றை வைத்து, எல்லாப் பிள்ளைகளும் அதிலிருந்து எடுக்கட்டும். சொந்தத் தாத்தா பெயர் உள்ளவரும் அதிலேயே தேடட்டும்.

1856 முதல் 1860 வரை யூட்டாவுக்குக் கைவண்டி இழுத்து வந்தவர்கள் சுமார் 3,000 பேர். பெரும்பாலோர் பிரிட்டனிலும் ஸ்காண்டிநேவியாவிலும் மதம் மாறியவர்கள். ஆளுக்கு 17 பவுண்டு சாமான்தான் அனுமதி. 1856-இல் தாமதமாகக் கிளம்பிய வில்லி, மார்ட்டின் குழுக்கள் வயோமிங்கில் பனியில் சிக்கி 200 பேருக்கு மேல் இறந்தார்கள். இன்று வாரிசுகள் பெருமையோடு சொல்லும் அந்த முன்னோர், வண்டி இழுத்த நாளில் உங்கள் மகனைப் போலப் புதியவர்கள். பயணத்தின் முதல் நாள் மாலையிலேயே இதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

கேள்வி: முன்னோடிகளின் பெண் வாரிசுகளுக்கான ‘டாட்டர்ஸ் ஆஃப் யூட்டா பயனியர்ஸ்’ அமைப்பில் நான் சேரலாமா?

பதில்: உங்கள் நேரடி முன்னோர் ஒருவர், அமெரிக்காவின் கிழக்கையும் மேற்கையும் ரயில் பாதை இணைத்த 1869 மே 10-க்கு முன் யூட்டா பகுதிக்கு வந்திருக்க வேண்டும். இது சபையின் அங்கமல்ல. சேராததால் சபையில் எதுவும் குறையாது.

கேள்வி: சபையில் சேர்ந்த என் மகள் முன்னோடிக் குடும்பத்தில் திருமணம் செய்கிறாள். பெற்றோர் நாங்கள் ஆலயத்துக்குள் போக முடியாதாமே?

பதில்: உண்மை. ஆலயம் என்பது வாராந்தரக் கூட்டம் நடக்கும் இடமல்ல, சிறப்புச் சடங்குகளுக்கான தனிக் கட்டடம். ஆலய அனுமதிச் சீட்டு உள்ள உறுப்பினர்களே உள்ளே போகலாம். முன்பு அமெரிக்காவில் சட்டத் திருமணத்தை முதலில் செய்தால், ஆலயத்தில் முத்திரித்தலுக்கு (தம்பதியரை நித்தியத்துக்கும் இணைக்கும் சடங்குக்கு) ஓராண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. அதனால் பலர் நேரே ஆலயத்துக்குப் போனார்கள். பெற்றோர் வெளியே காத்திருந்தார்கள். 2019 மே 6-இல் அந்தக் காத்திருப்பு நீக்கப்பட்டது. ஆகவே எல்லோர் முன்னிலையிலும் திருமணம் முதலில், ஆலயம் பிறகு என்று கேளுங்கள். உங்கள் மகள் சேர்ந்து ஓராண்டாவது ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள்; ஆகாவிட்டால் ஆலயச் சடங்குக்கு அவள் காத்திருக்க வேண்டிவரும்.

தலைமுறைகளாக ஆலயத் திருமணமே பார்த்த சம்பந்தி வீட்டார், சட்டத் திருமணத்தைப் பத்து நிமிடச் சம்பிரதாயமாக முடிக்கப் பார்ப்பார்கள். சிக்கல் இங்கேதான் வரும். உங்கள் பக்கத்திலிருந்து யார் பேசுவது, மணமகளை யார் அழைத்து வருவது என்பதை அழைப்பிதழ் அச்சடிக்கும் முன்பே பேசி முடியுங்கள். சபை விதிப்படி அவர்கள் பக்கம் காபி, தேநீர், மது இருக்காது என்பதை உங்கள் விருந்தினருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.