வாங்கும் முன் கேளுங்கள்: சுரங்கத்துக்குள் ஒரு லட்சம் லூமன்

குளிர்காலத்தில் சிட்னியில் ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது. கேமரா வைத்திருப்பவர்களுக்குக் கை அரிக்கத் தொடங்கிவிடுகிறது. இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: ரயில் ஓடாத பழைய சுரங்கத்தில் லைட் பெயின்டிங். ஷட்டரை அரை நிமிடமோ நாலு நிமிடமோ திறந்துவைத்து, கும்மிருட்டில் விளக்கை ஆட்டிப் படம் வரைகிற கலை அது. கலையைப் பற்றி எனக்குக் கொஞ்சம்தான் தெரியும். அதில் பணம் தொலைகிற வழிகள் எல்லாமே அத்துப்படி.

கேள்வி: ஹெலன்ஸ்பர்க் பழைய ரயில் சுரங்கத்தில் இரவு வகுப்பு என்று விளம்பரம் பார்த்து, நானும் மகளும் ஆளுக்கு 180 டாலர் கட்டினோம். வகுப்புக்கு முதல் நாள் இரவு, "சுரங்கம் மூடியிருக்கிறது, வகுப்பு ரத்து" என்று செய்தி வந்தது. பணம் தர மாட்டார்களாம், வேறொரு வகுப்பில் கழித்துக்கொள்ளலாமாம். (வென்ட்வொர்த்வில்)

பதில்: கழித்துக்கொள்ள ஒப்புக்கொள்ளாதீர்கள் அம்மா, காசைக் கேளுங்கள். அந்தச் சுரங்கம் ஒன்றும் நேற்று ராத்திரி மூடப்படவில்லை. அது 1880களின் கடைசியில் வந்த பாதை. 1915-இல் ரயில் புதுத் தடத்துக்கு மாறியதும் அதைக் கைவிட்டார்கள். ஈரச் சுவரில் ஒளிப்புழுக்கள் குடியேறின, அதைப் பார்க்கக் கூட்டம் வந்தது, கூட்டத்திடமிருந்து புழுவைக் காப்பாற்றக் கதவு போட வேண்டியதாயிற்று. மூடிச் சில வருஷமாகிறது. பெருமாள் கோயிலுக்குப் போகிற வழியில் விசாரித்திருந்தால் எவரும் சொல்லியிருப்பார்கள். வகுப்பு நடத்துகிறவருக்கு அது தெரியாது என்றால் நான் நம்ப மாட்டேன்.

கொடுக்க முடியாது என்று தெரிந்தும், அல்லது தெரிந்திருக்க வேண்டியவராக இருந்தும், பணம் வாங்குவது ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டப்படி குற்றம். 360 டாலரையும் 14 நாளுக்குள் திருப்பித் தரச் சொல்லி மின்னஞ்சல் அனுப்புங்கள். போனில் பேசவே வேண்டாம், எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தைத் திருப்பி எடுத்துத் தரும்படி கேளுங்கள், அதற்குக் கெடு உண்டு என்பதால் இன்றைக்கே. மசியாவிட்டால் மாநில நுகர்வோர் துறையான நியூ சவுத் வேல்ஸ் ஃபேர் டிரேடிங், 13 32 20. உங்கள் பேரில் ஒரு தப்பும் இல்லை. மகளிடமும் இதைச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: சுரங்கத்தில் படமெடுக்க 3,500 டாலர் ஃபுல் ஃபிரேம் கேமரா அவசியமா?

பதில்: இல்லை. ஷட்டரை வேண்டிய நேரம் திறந்துவைக்க விடும் பல்ப் மோடு உள்ள பத்து வருஷப் பழைய கேமரா போதும்.

கேள்வி: "1,00,000 லூமன்" என்று போட்ட டார்ச்சை ஆன்லைனில் 39 டாலருக்கு வாங்கினேன். "9900 எம்ஏஎச்" 18650 பேட்டரி ஒன்றும் கூடவே வந்தது. சுரங்கத்தில் பத்தடி தாண்டிச் சுவர் தெரியவில்லை. படத்தில் ஒளிக்கோடு புள்ளி புள்ளியாக விழுகிறது. விற்றவர் வெளிநாட்டுக்காரர், ஆஸ்திரேலியச் சட்டம் தன்னைக் கட்டுப்படுத்தாது என்கிறார். (பென்டில் ஹில்)

பதில்: உட்காருங்கள். இதற்காகவே ஒரு வருஷமாகக் காத்திருக்கிறேன்.

18650 என்பது அளவின் பெயர்: 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். அந்தக் குழாய்க்குள் நல்ல கம்பெனிகள் அடைக்கிற மின்சாரம் சுமார் 3500 எம்ஏஎச் (மில்லிஆம்பியர் மணி). 9900 என்று அச்சடித்திருக்கிறதே, அது அச்சகத்தில் ஏறிய கொள்ளளவு. இப்போது லூமனுக்கு, அதாவது வெளிச்சத்தின் அளவுக்கு வருவோம். எல்இடி ஒரு வாட்டுக்குத் தருவது 100 முதல் 150 லூமன். லட்சம் லூமன் வேண்டுமானால் 700 வாட்டாவது வேண்டும். சின்ன இஸ்திரிப் பெட்டி இழுக்கிற அளவு! உங்கள் பேட்டரி உண்மையிலேயே நல்லதாக இருந்தாலும் அதில் இருப்பது 12.6 வாட் மணி. கணக்குப் போட்டால் ஒரு நிமிடத்தில் காலி, அதற்குள் உள்ளங்கை வெந்திருக்கும். பெட்டியில் இருக்கிற எண்ணை பேட்டரியின் வோல்ட்டான 3.6-ஆல் பெருக்கவோ 700-ஆல் வகுக்கவோ விற்கிறவனுக்கும் தெரியும். வாங்குகிறவர் செய்ய மாட்டார் என்பதும் தெரியும்.

ஒழுங்கான டார்ச் பெட்டியில் "ஆன்சி எஃப்எல்1" என்று இருக்கும். விளக்கைப் போட்டு 30 வினாடியாவது கழித்து அளந்த வெளிச்சம் என்று அர்த்தம். போட்ட கணத்தில் பளீரென்று எரிந்து மங்குகிற மோசடி அதில் நடக்காது. புள்ளிக் கோட்டுக்கும் காரணம் உண்டு. மலிவு டார்ச்சுகள் வெளிச்சத்தைக் குறைக்க, விளக்கை வேகமாக அணைத்து அணைத்துப் போடுகின்றன. கண்ணுக்குத் தெரியாது, ஆடுகிற விளக்கைக் கேமரா காட்டிக்கொடுத்துவிடும். சிலர் அதையே அழகு என்று வைத்துக்கொள்கிறார்கள், அவர்கள் இஷ்டம். இத்தனைக்கும் செங்கல் சுரங்கத்துக்கு 200 லூமன் தாராளம். வெளிச்சம் போதாவிட்டால் இன்னும் இருபது வினாடி நின்று சுவரைத் தடவுங்கள். நேரத்துக்கு யாரும் விலை வைப்பதில்லை.

வெளிநாட்டுக்காரர் என்ற சாக்குக்கு வருகிறேன். வால்வ் என்ற அமெரிக்க விளையாட்டு நிறுவனமும் இதையேதான் சொன்னது. 2016-இல் ஃபெடரல் நீதிமன்றம் அதை ஏற்காமல் 30 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. இங்கே இருப்பவருக்கு விற்றால் இங்கத்திச் சட்டம்தான். சொன்னபடி பொருள் இல்லை, ஆகவே பணத்தைத் திரும்பக் கேட்கலாம். நடைமுறையில் அந்த ஆளைத் துரத்துவதைவிட விற்பனைத் தளத்திலும் வங்கியிலும் புகார் வைப்பது சீக்கிரம் முடியும். அந்த பேட்டரியை மட்டும் வீட்டில் சார்ஜ் போடாதீர்கள். குப்பைத் தொட்டியிலும் போடாதீர்கள், பேட்டரி சேகரிக்கிற இடத்தில் கொடுங்கள்.

கேள்வி: புதுக் கேமரா ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் நாலு நிமிடம் உறைந்து நிற்கிறது. மாற்றித் தரக் கடைக்காரர் மறுக்கிறார். சண்டை போட்டுவிட்டு வந்தேன்.

பதில்: நாலு நிமிடம் ஷட்டர் திறந்த படமா? அப்படியானால் கேமரா உறையவில்லை, வேலை செய்கிறது. நீண்ட எக்ஸ்போஷரில் வரும் புள்ளிகளை நீக்க, அதே நாலு நிமிடத்துக்கு ஒரு கறுப்புப் படம் எடுத்துக் கழித்துப் பார்க்கிறது. மெனுவில் "லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்ஷன்" என்று இருக்கும், அணைக்கலாம். கையேட்டில் எழுதியிருக்கிறது. கடைக்காரரிடம் போய் மன்னிப்புக் கேளுங்கள்.

கேள்வி: நியூன்ஸ் சுரங்கத்தில் ஸ்டீல் வூலைப் பற்றவைத்துச் சுழற்றித் தீப்பொறி மழை எடுக்க ஆசை. எந்த பிராண்டு நல்லது? பாத்திரம் தேய்க்கிறது சரியாகப் பற்றவில்லை.

பதில்: பிராண்டு சொல்ல மாட்டேன். 1907 வாக்கில் போட்டு 1932-இல் மூடிய ரயில் பாதை அது. எண்ணெய்ப் பாறை வெட்டியெடுக்கப் போட்டது. இப்போது அந்த 400 மீட்டர் சுரங்கத்தில் குடியிருப்பவை ஒளிப்புழுக்கள். பிசின் நூல்களைத் தொங்கவிட்டு, நீல வெளிச்சம் காட்டிப் பூச்சியைப் பிடித்துப் பிழைப்பவை. விளக்கடித்தால் அணைந்துவிடும். அணைந்தால் அன்றைக்குப் பட்டினி. நீங்கள் அங்கே நெருப்பையும் புகையையும் கொண்டுபோகப் பார்க்கிறீர்கள்.

உருகிய இரும்புத் துளி லென்ஸ் கண்ணாடியில் குழி போடும், சட்டையில் ஓட்டை போடும். வெளியே யூக்கலிப்டஸ் சருகு, ஃபயர் பேன், அதாவது நெருப்பு மூட்டத் தடை உள்ள நாளில் அபராதம் வேறு. பொறி வேண்டுமா, எல்இடி பட்டையைக் கயிற்றில் கட்டிச் சுழற்றுங்கள். அதையும் வேறு இடத்தில்.

கேள்வி: மலிவு டிரைபாட் போதுமா?

பதில்: போதும் என்றுதான் நானும் நினைத்தேன். 29 டாலர், அட்டையில் "5 கிலோ தாங்கும்" என்று இருந்தது. சுரங்கத் தரையில் சேறு, கூரையில் சொட்டு. மூன்றாவது படத்தில் ஒரு காலின் பிளாஸ்டிக் பூட்டு விட்டுக்கொடுத்தது. கேமரா முழங்கால் தண்ணீரில் போய் உட்கார்ந்தது. ரசீது எங்கே என்று கடையில் கேட்டார்கள். அட்டைப் பெட்டியோடு குப்பையில் போட்டிருந்தேன், இந்தப் பத்தி எழுதுகிற நான்! அட்டையில் போட்ட எடையில் பாதியைத்தான் நம்ப வேண்டும். நடுத் தண்டை உயர்த்தாதீர்கள், பையைக் கீழே மாட்டுங்கள். பழைய உலோக டிரைபாட் கராஜ் சேலில் அதே விலைக்குக் கிடைக்கும். ரசீதை வாங்கிய அன்றே போனில் படமெடுத்துவிடுங்கள்.

கேள்வி: ரெண்டு மாதம் முன் வாங்கிய வைட் லென்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பொழுதுபோக்கு அலுத்துவிட்டது. திருப்பிக் கொடுக்க உரிமை உண்டா?

பதில்: மனசு மாறியதற்குச் சட்டத்தில் நிவாரணம் இல்லை.

கேள்வி: மெல்பனில் இருக்கிறேன் அண்ணா. எங்கே போனால் சட்டச் சிக்கல் இல்லாமல் எடுக்கலாம்? டார்ச்சில் மாட்டுகிற லைட் பிரஷ் 60 டாலர் என்கிறார்கள், வாங்கவா? (டேண்டினோங்)

பதில்: யே என்ற ஊர்ப் பக்கம் செவியட் சுரங்கம். 201 மீட்டர், கையால் செய்த செங்கல், 1889-இல் திறந்தது. இப்போது கிரேட் விக்டோரியன் ரயில் டிரெயிலில் எவரும் நடக்கலாம். அதே 1889-இல்தான் பாரிஸில் உடல் அசைவை ஆராய்ந்த மாரேயும் டெமெனியும் ஓர் ஆளின் உடம்பில் விளக்குகளைக் கட்டி, அவர் நடக்கிற நடையை ஒளிக்கோடாகப் படமெடுத்தார்கள். இந்தக் கலைக்குத் தெரிந்தவரை முதல் படம் அதுதான் என்கிறார்கள். சைக்கிள்காரர்கள் வருவார்கள், அதனால் வாசலில் ஒருவரைச் சிவப்பு விளக்கோடு நிறுத்திவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

பிரஷ் வேண்டாம். நான் 140 டாலருக்கு ஒரு ஒளிவாள் வாங்கினேன், அது பேரனிடம் இருக்கிறது. டார்ச்சின் முகத்தில் தீபாவளிப் பலகாரக் கூடையிலிருந்து கிழித்த சிவப்புக் கண்ணாடித்தாளை ரப்பர் பேண்டால் கட்டி எடுத்ததுதான் எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிற படம்.